நான்கு விரல்

பத்தூமியில் வெயில் சொல்லாமல் வரும்,
காப்பி ஆறுமுன் கிளம்பிவிடும்.
மற்ற நாளெல்லாம் கருங்கடல்
என் பட்டறைக் கதவிடுக்கில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்.
அந்த மூச்சுக்குத்தான் பயம்.
பெயின்ட் உரித்த தகடு அம்மணமாய்க் கிடக்கும்போது
உப்புக்காற்றுக்கு ஓர் இரவு போதும்.

ஜும்பேரின் வோல்கா. எழுபத்தெட்டாம் வருடத்து வண்டி.
மூன்று நிறம் உரித்தேன். வெள்ளை, அதன் கீழே சாம்பல்,
அதற்கும் கீழே யாரும் ஒப்புக்கொள்ளாத ஒரு பச்சை.
இடது கதவில் விரற்கடை கனத்துக்குப் பட்டி.
"அடிபடாத வண்டி" என்று சொல்லி விற்றானாம்.
செதுக்கி எடுத்ததைத் தராசில் வைத்தேன்,
ஒன்றே முக்கால் கிலோ.

உப்புத்தாள் எண்பது, பிறகு நூற்றெண்பது.
தூசியை ஊதித் தள்ளியாயிற்று.
பார்வைக்கு வெள்ளித் தாம்பாளம்.
பார்வையை நம்பினால் இந்தத் தொழிலில் பிழைப்பில்லை.

இரண்டு துணி வேண்டும்.
நனைந்தது ஒன்று, பிசுக்கைக் கரைக்க.
உலர்ந்தது ஒன்று, கரைந்தது காயுமுன் வாங்கிக்கொள்ள.
நடுவில் நாலைந்து மூச்சு நேரம்தான்.
தாமதித்தால் அழுக்கு எங்கும் போகாது,
கொஞ்சம் தள்ளி உட்காரும்.
துணியைத் திருப்பு. மடி. மறுபடி திருப்பு.
எல்லா மடிப்பும் கறுத்துவிட்டால் தண்ணீர் வாளிக்குள் எறி.

கையுறை இல்லாமல் தொடாதே என்று
சாக்குக்கட்டியால் சுவரில் எழுதியிருக்கிறேன்.
ஜும்பேர் அதை வாய்விட்டுப் படிப்பான், தலையாட்டுவான்,
கச்சாபுரி தின்ற வெண்ணெய் விரலால்
பானெட்டைத் தட்டிக்கொண்டே கேட்பான்:
"நானுலி, ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆகிவிடுமா?"
மறுபடி இரண்டு துணி.

வியாழன் மாலை மின்சாரம் போனது.
கம்ப்ரசர் ஊமை. ஹீட்டர் குளிர்ந்துவிட்டது.
கலந்து வைத்த பிரைமர் டப்பாவிலேயே இறுகியது.
தாழ்ப்பாள் இல்லாத பின்கதவுக்கு
ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.
இரவெல்லாம் மழை.

காலையில் விளக்கு எரிந்தது. செங்கல் நகர்ந்திருந்தது.
எதுவும் திருடுபோகவில்லை.
வலது மட்கார்டின் வளைவில், ஹெட்லைட் குழிக்கு மேலே,
ஆரஞ்சு நிறத்தில் ஒரு கை.
ஒரே இரவில் பூத்த துரு.
உள்ளங்கை, கட்டைவிரல்,
ஆள்காட்டி, நடுவிரல்,
வெறும் தகடு,
சுண்டுவிரல்.

துறைமுகத்து வின்ச்சுக்கு மோதிரவிரலைக் கொடுத்தவன்
எனக்குத் தெரிந்து இந்த ஊரில் ஒருவன்தான்.
அமிரான். வண்டியை விற்றவன்.
ஒன்றே முக்கால் கிலோவுக்குச் சொந்தக்காரன்.
விற்ற காசு மருத்துவமனைக்குப் போயிற்று என்றும்
சீட்டாட்டத்தில் போயிற்று என்றும் கேள்வி.
இரண்டையும் சொன்னவன் டயர்க்கடை துர்சுன்,
அதுவும் ஒரே நாளில்.

அழுத்திப் பதிந்திருந்தது.
சும்மா தட்டிப் பார்ப்பவனின் கை இப்படி விழாது.
கொஞ்ச நேரம் வைத்திருந்திருக்கிறான்,
நெற்றியில் காய்ச்சல் பார்க்கிற மாதிரி,
இருட்டில், மழைச் சட்டையோடு.

ஜும்பேர் வர ஒரு மணி நேரம் இருந்தது.
உப்புத்தாளை எடுத்தேன். விரல் விரலாய்ப் போனது.
உள்ளங்கை மேடுதான் ஊசிமுனைக் குழிகளில் ஒளிந்துகொண்டு
கடைசிவரை மல்லுக்கட்டியது.
பிறகு நனைந்த துணி, உலர்ந்த துணி. மூன்று முறை.
தண்ணீர் தெளித்துப் பார்த்தேன்.
பிசுக்கு மிச்சமிருந்தால் நீர் முத்து முத்தாய் ஒதுங்கி நிற்கும்.
ஒதுங்கவில்லை. மட்கார்டு முழுக்க ஒரே விரிப்பு,
அந்த இடத்திலும்.
துரு திரும்பி வருமுன்
சூடான காற்றைக் காட்டி உலர்த்தினேன்.
கடைசியாய் இன்னொரு முறை இரண்டு துணி.

"கதவு திறந்திருந்ததாமே, யாராவது வந்தார்களா?"
துர்சுன் அதற்குள் சொல்லியிருக்கிறான்.
பூனை, என்றேன்.
ஜும்பேர் தரையில் பூனைத்தடம் தேடினான்.

எப்போதும் கூரையில்தான் தொடங்குவேன்.
அன்று முதல் பூச்சை
வலது மட்கார்டில் தொடங்கினேன்.